மூன்றாவது ஹார்ன்

எங்கள் தெருவில் யாரும் கடிகாரத்தைப் பார்த்து டீ போடுவதில்லை. கொர்னேலியஸின் ஹார்ன் கேட்ட பிறகுதான் அடுப்பில் தண்ணீர் ஏறும். கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தாமான், வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. அதில் முதல் லோரோங் சந்தில், முன்னறை ஜன்னலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். பெயர் தனலெட்சுமி. ரவிக்கை தைப்பது தொழில். தெருவில் நடப்பதையெல்லாம் பார்ப்பது தொழிலோடு சேர்ந்து வந்தது. வம்பு என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும், அந்த ஜன்னலை அங்கே வைத்தது நானில்லை.

கொர்னேலியஸ் ரொட்டி விற்பவர். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வெள்ளை ரொட்டி, தேங்காய்ப்பால் ஜாம் வைத்த காயா பன், தேங்காய் பன். இரண்டு பக்கமும் தோரணமாக முறுக்குப் பாக்கெட்டுகள் தொங்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி பளிச்சென்று தெரிந்தாலும் பாதித் தெரு அவரை "ரொட்டி பாய்" என்றுதான் கூப்பிடும். முன்பு ரொட்டி கொண்டுவந்தவர் பாய், ஆகவே இவரும் பாய். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. போர்ட் கிள்ளானில் வேலை செய்த தொழிற்சாலையை மூடியதும் இந்த வேலைக்கு வந்தார். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைக் கடைசிவரை அவர்தான் பார்த்துக்கொண்டார். அதில் கல்யாண வயது கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

நல்ல மனிதர். ஆனால் பேச்சு வராது. "வெள்ளையா, காயாவா?" என்பதோடு அவருடைய அன்றைய பேச்சு முடிந்துவிடும். மற்றதையெல்லாம் ஹார்ன் பேசும். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இரண்டு தடவை அடிப்பார்: பீம், பீம். என் பக்கத்து வீட்டுக் கேட்டில் மட்டும் மூன்று. அந்த மூன்றாவது பீம் எவலினுக்கு.

எவலின் பாலர் பள்ளி ஆசிரியை. அண்ணன் ஹென்றி வீட்டில் இருந்தாள். அவளுக்கும் நாற்பது தாண்டியாயிற்று. தினமும் வெளியே வந்து தேங்காய் பன் வாங்குவாள். அவளுக்குத் தேங்காய் பன் பிடிக்கவே பிடிக்காது, தின்பதெல்லாம் ஹென்றிதான். இவர் "டீச்சர்" என்று நீட்டுவார், அவள் "தேங்க்யூ" என்று வாங்குவாள். இப்படியே வருஷக்கணக்கில். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் இரத்தக் கொதிப்பு ஏறும். தெருவுக்கே தெரிந்த விஷயம் அந்த இரண்டு பேருக்கும் மட்டும் தெரியாத மாதிரி ஒரு நடிப்பு!

போன ஜூலையில் ஒருநாள் எவலின் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"தனம் அக்கா, அவரு கேட்டுட்டாரு."

"யாரு, என்னாத்த கேட்டாரு?" தெரியாதவள் போலக் கேட்டேன்.

"பன்ன குடுத்துட்டு, தலைய குனிஞ்சிக்கிட்டே, 'வீட்ல எனக்கு யாரும் இல்ல டீச்சர், உங்களுக்கு சம்மதம்னா'ன்னாரு. அதோட நின்னுட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"எனக்கும் வாய் வரலக்கா. புக்கிட் மெர்தாஜாம் சர்ச் திருவிழாவுக்குப் போயிட்டு வந்து திங்கக்கிழம சொல்றேன்னேன். எப்பவும் போல மூணு ஹார்ன் அடிங்க, நான் வெளிய வந்தா சம்மதம், வரலன்னா ஒண்ணும் கேக்காம போயிடுங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். ஒரு கல்யாணப் பேச்சை ஹார்னில் முடிக்கிற ஜோடியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? "சரி, வரப்போறியா இல்லையா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா," என்றாள். உண்மையிலேயே தெரியாதவளின் முகம் அது. தனியாகவே இருந்து பழகியவளுக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பாவமாக இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஹார்ன் சாகக் கிடந்தது.

கொஞ்ச நாளாகவே பீம் என்பது போய், சளி பிடித்தவர் கனைக்கிற சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. என் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டிருந்தபோது கொர்னேலியஸும் அதே கடைக்கு வந்தார். மோட்டார் கடை வாசு அவர் வண்டியின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, இது பேட்டரியா கருவாடா? இப்படி காய விட்டிருக்கீங்க!"

பேட்டரியின் வெள்ளைப் பெட்டியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கொர்னேலியஸின் பேட்டரியில் அது கீழ்க்கோட்டுக்கும் கீழே போய், உள்ளே இருந்த தகடுகள் வெளுத்துக் கிடந்தன. வயர் மாட்டுகிற இடத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி.

"வண்டி ஓடுதே," என்றார் கொர்னேலியஸ்.

"ஓடும் அண்ணே, கிக் அடிச்சா இந்த வண்டி பேட்டரி இல்லாமகூட ஓடும். அதனாலதான் ஒருத்தனும் அத கவனிக்கிறதில்ல. ஆனா ஹார்னுக்கும் சிக்னலுக்கும் பேட்டரிதானே சோறு போடுது. போதாததுக்கு ரொட்டிப் பெட்டில மினுக்கு லைட்டு வேற. வீட்டுக்கு வீடு எஞ்சின நிறுத்துறீங்க, சாவிய நிறுத்துறதில்ல. சார்ஜ் ஏற நேரமே இல்ல, செலவு மட்டும் நடக்குது."

"புள்ளைங்களுக்கு லைட்டு பிடிக்கும்."

வாசு பெருமூச்சு விட்டான். "சரி, மாத்திடலாம். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு இந்த மாதிரி தண்ணி ஊத்துறது, மாசம் ஒரு தடவ பாக்கணும். இன்னொண்ணு சீல் பண்ணது, தொறக்கிற வேலையே இல்ல. எதுனாலும் இந்த வண்டிக்கு உள்ள அளவுதான் போடணும். பெரிய பேட்டரி போட்டா பெரிய சத்தம் வரும்னு சில பேரு நெனைக்கிறாங்க, வராது."

கொர்னேலியஸுக்குப் பழைய பொருளைக் கைவிட மனம் வராது. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்றார். வாசு வெந்நீர் ஊற்றி அந்தப் பொடியைத் துடைத்து, கிரீஸ் தடவி, பேட்டரி தண்ணீர் நிரப்பி, சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான். "பேட்டரி தண்ணி மட்டும்தான் ஊத்தணும் அண்ணே. பைப்பு தண்ணி, மினரல் வாட்டர், ஒண்ணும் ஆகாது," என்று இரண்டு தடவை சொன்னான். இவர் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

திருவிழாவுக்குப் போன எவலின் சனிக்கிழமை திரும்பினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில், திருவிழாவிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன பாட்டில் தீர்த்தத்தைக் கொர்னேலியஸின் கையில் கொடுத்தாள். என்னமோ சொல்லப் போகிறாள் என்று இவர் காத்திருக்க, அவள் "பத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் காரில் ஏறிப் போய்விட்டாள்.

மனிதர் அந்தப் பாட்டிலை மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு, நாளைக்கு மூன்று ஹார்ன் அடிக்க வேண்டுமே என்று வண்டியில் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். 'க்ர்ர்.' மூடியைக் கழற்றினால் தண்ணீர் மறுபடியும் கோட்டுக்குக் கீழே. வாசு கொடுத்தனுப்பிய பேட்டரி தண்ணீர் பாட்டில் காலி. ஞாயிற்றுக்கிழமை, வாசுவின் கடை மூடியிருக்கும். மாதாவைப் பார்த்தார். மாதாவுக்கு முன்னால் இருந்த பாட்டிலைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பேட்டரியில் இருந்த ஓட்டைகள் ஒன்றுவிடாமல் தீர்த்தத்தை ஊற்றினார். மேல்கோடு வரை.

இதை அவரே பிற்பாடு சொன்னபோது சிரித்து எனக்கு விலா வலித்தது.

கொடுமை என்னவென்றால், திங்கட்கிழமை காலை அழுத்தியபோது ஹார்ன் பீம் என்று கணீரென்று அடித்தது. ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரிக்குக் கடைசியாக வந்த தெம்பு அது. கொர்னேலியஸ் அதை மாதா செய்த புதுமை என்று நம்பினார். வாசுவின் கடையைத் தாண்டியே போனவர், உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றிக் கடனாக மினுக்கு லைட்டையும் போட்டுவிட்டு, தெருத் தெருவாக அடித்துத் தீர்த்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

அன்றைக்கு எனக்குத் தையலே ஓடவில்லை. எவலின் வீட்டுத் திரைச்சீலை அசைந்துகொண்டே இருந்தது. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது, ஹார்ன் கேட்கவில்லை. கப்சாய் வந்து பக்கத்து வீட்டுக் கேட்டில் நின்றது. அழுத்தினார். 'டிக்.' மறுபடி அழுத்தினார். 'டிக்.' எஞ்சினை உறுமவிட்டு அழுத்தினார். செத்த பேட்டரி அதற்கெல்லாம் எழுந்திருக்குமா?

இந்த நேரம் பார்த்து ஹென்றி கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "என்னா பாய், இன்னிக்கி ஹார்ன் இல்லையா? ரெண்டு தேங்காய் பன் குடுங்க லா," என்றார்.

கொர்னேலியஸ் பன்னை எடுத்துக் கொடுத்தார். திரைச்சீலை அசையாமல் நின்றுவிட்டது. என் வாய் எப்படிப்பட்டது என்று எனக்கே தெரியும். ஓடிப்போய், "அடியே, ஹார்ன் கெட்டுப்போச்சுடி, வெளிய வா!" என்று கத்திவிடலாமா என்று கேட் வரைக்கும் வந்துவிட்டேன். ஆனாலும் அது நான் கேட்க வேண்டிய கேள்வி இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கொர்னேலியஸ் வண்டியை விட்டு இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார்.

"எவலின்," என்றார்.

டீச்சர் இல்லை, எவலின். அவர் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. சத்தம் அவருக்கே கேட்டிருக்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்.

"எவலின்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மூன்றாவது தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்ட கூப்பாட்டில் தெரு நாய்களெல்லாம் குரைத்தன.

"எவலீன்!"

உள்ளேயிருந்து எவலின் செருப்புக்கூடப் போடாமல் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "வந்துட்டேன், வந்துட்டேன். கத்தாதீங்க, ரோடு முழுக்க பாக்குது," என்றாள்.

பன்னும் கையுமாக நின்ற ஹென்றி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க என்னா நடக்குது?"

"அண்ணே, பன்னுக்கு காசு குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"குடுக்க வேணாம். இனிமே நம்ம வீட்டு ஆளு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கைதட்டினேன், எதிர்வீட்டார் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். ஹென்றிக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த பன்னைப் பிய்த்துப் புது மாப்பிள்ளையின் வாயில் திணித்துவிட்டார்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே வாசுவின் கடைக்குப் போனார்கள். கதையைக் கேட்ட வாசு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். "பேட்டரிக்கு ஞானஸ்நானமே குடுத்துட்டீங்களா அண்ணே!" அப்புறம் அவனே சமாதானமும் சொன்னான். தண்ணீர்மேல் மட்டும் பழியைப் போட முடியாதாம். தகடு எப்போதோ காய்ந்து செத்துவிட்டதாம், அதற்கப்புறம் எதை ஊற்றியும் பயனில்லையாம்.

"எது வேணும், தண்ணி ஊத்துறதா, சீல் பண்ணதா?" என்று கேட்டான்.

"சீல் பண்ணதே குடுங்க வாசு," என்றாள் எவலின். "இவரு கையில மத்தத குடுத்தா அடுத்த தடவ எத ஊத்துவாரோ."

மினுக்கு லைட்டைக் கழற்றவில்லை. அதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தான் வாசு. வண்டி நின்றால் அதையும் நிறுத்த வேண்டும் என்பது எவலின் போட்ட சட்டம்.

கல்யாணப் புடவைக்கு ரவிக்கை நான்தான் தைத்தேன். அளவு பார்க்க வந்தவள், கையைத் தூக்கி நின்றபடி மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், அவருகிட்ட சொல்லிடாதீங்க. அன்னிக்கி ஹார்ன் மூணு தடவ அடிச்சிருந்தா நான் வெளிய வந்திருக்க மாட்டேன்."

என் வாயில் குண்டூசி.

"வேணாம்னுதான் உள்ள உக்காந்திருந்தேன். வாயத் தொறந்து பேசாத ஆளோட எப்படி காலத்த ஓட்டுறதுன்னு பயம். அப்புறம் என் பேர சொல்லி கூப்பிட்டாரு பாருங்க, கால் தானா எந்திரிச்சிருச்சு."

நான் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி பிள்ளையார் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"ஏம்மா எவலின்," என்றேன், "அந்த தீர்த்தம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கா?"