மைக்செட் கவுன்சிலர்

“ஹலோ… ஹலோ… ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லிவிட்டு மைக்கை இரண்டு விரலால் தட்டிப் பார்க்கிறார் செல்வதாஸ். சத்தம் மனசுக்குப் பிடிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கிப் போய் ஆம்ப்ளிஃபயரில் ஒரு திருகைச் சற்றே குறைத்துவிட்டு வந்து மறுபடியும் தட்டுகிறார். அவர் தலைக்கு மேலே கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸில், ‘வார்டு கவுன்சிலர் செல்வதாஸின் மெத்தனப் போக்கைக் கண்டித்து மாபெரும் பொதுக்கூட்டம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதன் ஒரு முனையில் கயிறு தளர்ந்திருப்பது கண்ணில் படுகிறது. ஸ்டூல் போட்டு ஏறி அதையும் இழுத்துக் கட்டிவிட்டு இறங்குகிறார்.

தக்கலையில் பஸ் ஏறினால் கண்டக்டர் மீதிச் சில்லறை தருவதற்குள் வந்துவிடுகிற பேரூராட்சி அது. அங்கே மைக்செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற கடை ஒன்றுதான். அது செல்வதாஸின் கடை. கல்யாணம், அடக்கம், சபைக் கன்வென்ஷன், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் போகவேண்டும். தன்னைத் திட்டுகிற கூட்டத்துக்கும் அவரே போகிறார். போவது மட்டுமில்லை, பேச்சாளருக்குத் தொண்டை கட்டினால் சுக்குத்தண்ணீரும் வாங்கிக் கொடுக்கிறார். “ஏசினாலும் தெளிவாட்டு ஏசணும். எனக்க மைக்குல கொழகொழன்னு கேட்டா எனக்கில்லா கொறச்சல்” என்பார்.

வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. மற்ற கவுன்சிலர்கள் பேனா குத்தியிருக்கும் பையில் இவர் டெஸ்டர் குத்தியிருப்பார். கட்சித் துண்டு தோளில் கிடக்கும். அந்தத் துண்டால் அவர் ஸ்பீக்கரின் தூசியைத் தட்டுவதைக் கட்சிக்காரர்கள் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிடுவார்கள். குடும்பம், வழிபாடு, வழக்கம் இந்த மூன்றிலும் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அவர் கட்சியின் கொள்கை. செல்வதாஸுக்கு அந்தக் கொள்கையைக் கட்சி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டில் ஜெபம் முடியாமல் சினிமாப் பாட்டுப் போடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை கடையின் ஷட்டர் ஏறாது. மாப்பிள்ளை புல்லட்டில் வந்து இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் ஸ்பீக்கரைத் திருப்ப மாட்டார்.

மன்றக் கூட்டத்தில் அவரைப் பார்க்கவேண்டும். எதிர்த்தரப்பு எழுந்து கூச்சல் போடும்போது, மேசைமேல் இருக்கிற டீ கிளாஸ்களைத் தட்டிவிடாதபடி ஓரமாக நகர்த்தி வைப்பார். ஒருமுறை வெளிநடப்பு செய்யச் சொல்லிக் கட்சி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. செய்தார். எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, தன் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்துவிட்டு வெளிநடப்பு செய்தார். யார் என்ன சொன்னாலும் அவர் வாயில் வருவது ஒரே சொல்தான்: “சாரமில்ல மக்கா.” பரவாயில்லை, விட்டுத்தள்ளு என்று அர்த்தம். அந்த ஊரில் பாதிச் சண்டை அந்தச் சொல்லில் தீர்ந்திருக்கிறது. மீதிப் பாதியில் அவர் தோற்றிருக்கிறார்.

தோற்றதில் பெரியது ரேஷன் கடை. அவர் வார்டில் இருந்த கட்டடம் மழைக்கு ஒழுகியது. வேறு இடம் பார்க்கவேண்டும் என்று மன்றத்தில் பேச்சு வந்தது. எதிர்க்கட்சிக்காரரும் பேரூராட்சித் துணைத் தலைவருமான பிரைட்டன், ரப்பர் ஷீட் வியாபாரி, மேசையில் ஓங்கி அடித்து, கடை தன் வார்டுக்குத்தான் வரவேண்டும் என்றார். செல்வதாஸ் எழுந்து, “எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாற்றுக் கருத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. ரேஷன் கடை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அடுத்த மாதமே, அரிசிப் பையோடு சாலையைக் கடந்த தேவகனியை ஒரு பைக் இடித்துத் தள்ளியது. தேவகனி தனியாக இருக்கிற மனுஷி. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். செல்வதாஸ் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் தேவகனி சொன்னார்: “வாடே கவுன்சிலரே. ஒனக்க சாரமில்ல எனக்க இடுப்புல வந்து முடிஞ்சுது, பாத்தியா? அன்னைக்கு நீயும் மேசையில ஒரு அடி அடிச்சிருக்கலாம்லா?”

அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. மனைவி செல்லபாய் சாளைமீன் குழம்பைத் தட்டில் ஊற்றியவள், அவர் பிசையாமல் இருப்பதைப் பார்த்து, ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. “ஒங்களுக்குச் சத்தத்த வாடகைக்கு விடத்தான் தெரியும். சொந்தமாட்டு ஒரு சத்தம் போடத் தெரியாது” என்றாள். மனசில் தைத்துவிட்டது. தைத்ததற்குக் காரணம், அது உண்மையாக இருந்ததுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் எபிசன் வந்தான். துபாயில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, கட்சியின் மாவட்ட இளைஞர் அணிப் பொறுப்பில் இருப்பவன். பேசும்போது பாதிக் கண் போனில் இருக்கும். அடுத்த தேர்தலில் செல்வதாஸுக்கு மறுபடியும் சீட்டு கொடுப்பதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று மேலே யோசிக்கிறார்கள் என்றான்.

“அண்ணாச்சி, ஒங்க மேல குத்தம் இல்ல. ஆனா காலம் மாறிப்போச்சு. நாம மரியாத மரியாதன்னு குனியக் குனிய அவனுவ குட்டிட்டுத்தான் இருக்கானுவ. எதிராளியக் கடிச்சுப் பேசினாத்தான் நம்ம ஆளுவளுக்கே ஒரு தெம்பு வரும். ஒங்க வார்டுல ஒரு கண்டனக் கூட்டம் போடுவோம். மாவட்டத் தலைவரே வாறாரு. நீங்க பிரைட்டன நாலு வார்த்த காரமாட்டு பேசுங்க. சீட்டு ஒங்களுக்குத்தான்.”

“கடிச்சுப் பேசினா கைதட்டுவான், சரி. நாளைக்கு அவனுக்க வீட்டுல ஒரு சாவு விழுந்தா சேரு போட நான் போவாண்டாமா?”

“அது வியாபாரம் அண்ணாச்சி. இது அரசியல்.”

செல்வதாஸுக்கு இரண்டும் வேறு என்று தோன்றவில்லை. ஆனாலும் சம்மதித்தார். அந்தப் பதவிமேல் அவருக்கு ஆசை உண்டு. ஆசை இல்லாதது போலக் காட்டிக்கொள்கிற சாமர்த்தியம் கிடையாது. சாலையில் போகும்போது “கவுன்சிலரே” என்று யாராவது கூப்பிட்டால் இரண்டு காதும் குளிரும். அதைவிட, தேவகனி கட்டிலில் கிடந்து சொன்னது ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எபிசன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைத்தார்.

கூட்டம் சனிக்கிழமை என்று முடிவானது. வியாழக்கிழமை சாயங்காலம், கட்சிக்காரன் எவனும் செய்யாத ஒரு காரியத்தைச் செல்வதாஸ் செய்தார். அந்தப் பக்கத்தில், வீட்டில் ஒரு விசேஷம் என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் நேரில் சொல்லவேண்டும். போனில் சொன்னால் சொன்னதாகக் கணக்கில்லை, வரமாட்டார்கள். செல்வதாஸ் சலவை வேட்டி உடுத்தி, செல்லபாயைக் கூட்டிக்கொண்டு பிரைட்டன் வீட்டுக்குப் போனார். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பிரைட்டனே, சனிக்கிழம உம்ம ஏசப் போறேன். வந்திரணும்.”

பிரைட்டன், “குடும்பத்தோடயா?” என்று கேட்டார்.

“குடும்பத்தோடதான். ஒருத்தரும் வீட்டுல நிக்கப்பிடாது.”

“என்ன காரியத்துக்கு ஏசப்போறீரு?”

“ரேஷன் கட.”

“அதுல எனக்க பக்கம் ஞாயம் கொறவுதான்” என்றார் பிரைட்டன். “ஆனா நாலுபேரு முன்னால நான் ஒத்துக்கிட மாட்டேன், கேட்டீரா.” அவர் மனைவி முந்திரிக்கொத்தும் கட்டன்சாயாவும் கொண்டுவந்து வைத்தாள். செல்லபாய் தலையில் கைவைக்காத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

உள்ளறையிலிருந்து பிரைட்டனின் மகள் அஜிஷா எட்டிப் பார்த்து, “வந்தியளா மாமா?” என்றாள். அவள் பின்னால் அவள் புருஷன் லிஜோ நின்றான். இனயத்துப் பையன், மீன்பிடிக்கிற குடும்பம், வேறு சபைக் கோயில். ஒரு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வீட்டுக்குச் சொல்லாமல் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார்கள். செய்தி தெரிந்த அன்றே செல்வதாஸ் பிரைட்டனைத் தேடி வந்து, கதவைச் சாத்திவிட்டு, “வே, இது சரியில்ல. கோயிலும் இல்லாம குடும்பமும் இல்லாம ஒரு கல்யாணமா?” என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிரைட்டன் சில மாதம் பேசாமல் இருந்தார். செல்வதாஸ் இன்றுவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாத்திய கதவுக்கு வெளியே அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. இப்போதுதான் பிரைட்டன் மனசு இளகி, மகளையும் மருமகனையும் வீட்டுக்குள் சேர்த்திருந்தார்.

சனிக்கிழமை மேடை கட்டி, ஸ்பீக்கர் வைத்துக்கொண்டிருக்கும்போது எபிசன் பக்கத்தில் வந்து நின்றான். “அண்ணாச்சி, ரேஷன் கட மட்டும் போதாது. அதை யாரு ஷேர் பண்ணுவா? அந்தக் கல்யாணக் காரியத்த எடுங்க. சொந்த வீட்ட ஒழுங்கா வைக்கத் தெரியாதவன் ஊர எப்படி வைப்பான்னு கேளுங்க. நம்ம கொள்கையே அதுதானே?”

“அத நான் அவனுக்க வீட்டுலயே சொல்லியாச்சு மக்கா.”

“வீட்டுல சொன்னதுக்கு வீடியோ உண்டா?”

செல்வதாஸ் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. அழைத்த மரியாதைக்குப் பிரைட்டன் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தன்னைத் திட்டும் கூட்டத்துக்கு ஒரு மனுஷன் மனைவி, மகள், மருமகனோடு வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு மாவட்டத் தலைவர், “யாரு இவ்வோ? நம்ம ஆளுவளா?” என்று விசாரித்தார். செல்லபாய் போய் அஜிஷாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

செல்வதாஸ் பேச எழுந்தார். முதல் இரண்டு நிமிஷம் மாற்றுக் கருத்து மாதிரியேதான் இருந்தது. கூட்டத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். பிறகு தேவகனியின் பெயரைச் சொன்னார். சொன்ன உடனே அவர் குரல் அவருக்கே பிடிபடாமல் மேலே ஏறியது.

“ஓய் பிரைட்டனே! ஒம்ம வார்டுக்குக் கட போச்சு. எங்க வார்டுல ஒருத்திக்க இடுப்பு போச்சு. மேசையில அடிச்சு வாங்கினீரே, அந்தப் பொம்பள கெடக்க கட்டிலப் போய் ஒருநாளாவது பாத்தீரா? பாத்தீரான்னு கேக்கேன்!”

கேட்டுவிட்டு மேசையில் அடித்தார். தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. அவர் அதைப் பிடிக்கப் போகவில்லை. எழுந்த கைத்தட்டல், அந்த ஊரில் வாடகை மைக்கில் யாருக்கும் கிடைத்திராதது. பிரைட்டன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே, நாளைக் காலையில் அவர் தேவகனி வீட்டில் இருப்பார் என்பது தெரிந்தது. செல்வதாஸ் வந்து உட்கார்ந்தார். மாவட்டத் தலைவர் அவர் தோளைத் தட்டி, “இத்தன நாளும் எங்க வே வச்சிருந்தீரு இந்தத் தொண்டைய? சீட்டு உமக்குத்தான்” என்றார். செல்வதாஸுக்குச் சந்தோஷம் பொங்கியது. இத்தனை வருஷம் சாரமில்ல, சாரமில்ல என்று வீணாக்கிவிட்டோமே என்றுகூட நினைத்தார்.

நன்றியுரைக்கு எபிசன் மைக்கைக் கையில் எடுத்தான். எதிரே ஸ்டாண்டில் அவன் போன் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு நன்றி சொன்னான். ஒலி அமைத்தவருக்கு நன்றி சொன்னான். பிறகு முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தான்.

“துணைத் தலைவர் பிரைட்டன் குடும்பத்தோட வந்திருக்காரு. அவியளுக்கும் நன்றி. மகளும் வந்திருக்கா. பக்கத்துல இருக்கது யாருன்னு ஊருக்கே தெரியும். எந்தக் கோயில்ல வச்சுக் கெட்டிக் குடுத்தீரு பிரைட்டன் சாரே? இந்த மருமகன் எந்தக் கடப்பொறத்துல இருந்து எப்படி வந்து, ராத்திரி எந்த வழியா…”

அஜிஷாவின் முகம் வெளுத்துவிட்டது. லிஜோ எழப்போனான். செல்லபாய் அஜிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தபடியே தன் புருஷனைப் பார்த்தாள்.

“மக்கா, போதும்” என்றார் செல்வதாஸ். எபிசன் காதில் வாங்கவில்லை. “எபிசன், போதும் பிள்ளே.” அவன் குரலை இன்னும் ஏற்றினான். கூட்டத்தில் இரண்டொருவர் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆம்ப்ளிஃபயர் மேடைக்குக் கீழே, அந்தக் கோடியில் இருந்தது. இறங்கிப் போய் அணைப்பதற்குள் அவன் முழுவதையும் சொல்லி முடித்துவிடுவான்.

மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் ஸ்பீக்கர் ஊளையிடும். தொழிலுக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான். செல்வதாஸ் எழுந்து வந்து, எபிசன் கையிலிருந்த மைக்கின் தலையைத் தன் உள்ளங்கையால் முழுசாகப் பொத்தினார். நான்கு ஸ்பீக்கரும் ஒன்றாக ஊளையிட்டன. நெடுஞ்சாலையில் போன பஸ் வேகத்தைக் குறைத்தது. எபிசன் மைக்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். முன்வரிசை காதைப் பொத்தியது. மாவட்டத் தலைவர் எழுந்து நின்று, “எடும் வே, கைய எடும்!” என்று கத்துவது வாயசைவில் தெரிந்தது. செல்வதாஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை எடுக்கவில்லை.