மாமன் செய்த ஊஞ்சலும் மூன்று வெல்டிங் மெஷின்களும்

ஒரே மெஷின் மூன்று வேலை செய்யும் என்று பெட்டியில் போட்டிருந்தால், வாங்குகிறவனுக்கு ஒரு வேலையும் தெரிய வேண்டியதில்லை என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு சபல நேரத்தில் நம்பியதல்ல. இரண்டு மாதம் ஆற அமர நம்பினேன். பெட்டியின் மேல் ஒரு வெளிநாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே இரும்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் இட்லி ஊற்றுவதைவிடச் சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது. இட்லியும் நான் ஊற்றியதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

புதுக்கோட்டையில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க் நான். ஐம்பதுக்கு ஒரு வயது குறைவு. இந்த வயதில் ஆண்களுக்குச் சர்க்கரை வரும், அல்லது ஏதாவது பைத்தியம் வரும். எனக்கு வெல்டிங் வீடியோ பார்க்கும் பைத்தியம் வந்தது. சாப்பிடும்போது பார்ப்பேன், பஸ்ஸில் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கே வேலை தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. மூன்று முறைகளின் பெயரையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ராடு என்கிற உருகும் குச்சியை வைத்துப் பற்றவைப்பது ஒன்று. சுருளிலிருந்து கம்பி தானாக வந்து உருகுவது மிக். சிலிண்டர் வாயுவோடு ஊசி முனையில் பற்றவைப்பது டிக். ஆனால் கையில் பிடித்தது செல்போன் மட்டும்.

இந்த நிலையில்தான் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். எனக்கும் தங்கச்சிக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவளை விராலிமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். குழந்தைக்கு மூன்று வயது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் சும்மா மடியை மட்டும் கொண்டுபோனால் போதாது, சீரும் கொண்டுபோக வேண்டும். தங்கச்சி போனில் விஷயத்தைச் சொன்னதும், வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டது: மாமன் தன் கையாலேயே ஸ்டாண்டு வைத்த இரும்பு ஊஞ்சல் செய்து கொண்டுவருவான், அந்த ஊஞ்சலில் உட்கார்ந்து, அந்த மடியில் குழந்தையை வைத்துத்தான் காது குத்துவது.

தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, ஊஞ்சல் கடையில வாங்கிக்கலாம்ணே. எங்க வீட்டு ஆளுக தட்டுல ஒரு பழம் கொறஞ்சாலே ஒரு வருசம் பேசுவாக. ஊஞ்சல் ஒடிஞ்சு விழுந்தா, இந்தப் புள்ளைக்குப் பொறக்குற புள்ளைக்குக் காது குத்துறப்பவும் அதையே பேசுவாக."

"நான் இருக்கேன்ல ஒனக்கு."

"அதாண்ணே பயமா இருக்கு."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். புகுந்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நிற்பதும் குனிந்து நிற்பதும் இனி என் பற்றவைப்பில் இருந்தது. அது எனக்கும் புரிந்தது. புரிந்தால் கடையில் போய் வாங்குகிறவன் மனிதன். நான் மெஷின் வாங்கினேன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஆரஞ்சு நிற மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், பிடிக்காவிட்டால் பத்து நாளில் திருப்பி அனுப்பலாம். அறந்தாங்கியிலிருந்து வரும் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் நீல மெஷின் ஒன்று இரண்டு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, அதை இரவல் வாங்கினேன். மூன்றாவது, மணமேல்குடியில் இருக்கும் என் மச்சினனுடைய பச்சை மெஷின். வெளிநாட்டிலிருந்து வந்த ஜோரில் வாங்கி ஒரே ஒரு நாள் ஓட்டியிருக்கிறான். கடல் காற்றில் அதன் திருகுகளெல்லாம் வெற்றிலைக் காவி நிறத்துக்கு வந்திருந்தன. மூன்றும் விலை குறைந்த ரகம். மூன்றும் மூன்று வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டவை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் வரிசையாக வைத்து, ஒரு நோட்டு எடுத்து, பத்துக்கு எத்தனை என்று மார்க் போட ஆரம்பித்தேன். பரீட்சையில் நான் வாங்கிய மார்க்குக்கெல்லாம் பழிவாங்குகிற மாதிரி ஒரு திருப்தி.

எங்கள் வீட்டில் ஒயர் வைத்த எந்தப் பொருளும் பூஜை இல்லாமல் வேலைக்குப் போகாது. பிரிட்ஜுக்குப் பொட்டு உண்டு, மிக்சிக்குப் பொட்டு உண்டு. மூன்று மெஷினுக்கும் என் மனைவி சந்தனம் குங்குமம் வைத்தாள். புதிதாக வந்த ஹெல்மெட்டுக்கு நான் வைத்தேன். நெருப்பு பற்றியதும் தானாகக் கறுத்துக் கண்ணைக் காக்கும் கண்ணாடி வைத்த ஹெல்மெட் அது. கண்ணாடிக்கு மேலே நெற்றியில் இரண்டு சின்ன வட்டங்கள் இருந்தன. பொட்டு வைக்கவே செய்துவைத்த இடம் போலிருந்தது. இரண்டிலும் தாராளமாக அப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் நெருப்பைப் போட்டேன். ஹெல்மெட் கறுக்கவில்லை. வெள்ளையாக ஒரு மின்னல் முகத்தில் அடித்தது. மறுபடி போட்டேன், மறுபடி மின்னல். விலை குறைந்த பொருளின் லட்சணம் இதுதான் என்று தீர்ப்பு எழுதி, நோட்டில் ஹெல்மெட்டுக்குப் பூஜ்யம் போட்டேன். கழற்றி வைத்துவிட்டு, பைக்கில் போகும்போது போடும் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டேன். வீடியோக்களில் ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லையே என்று தோன்றத்தான் செய்தது. அவர்களுக்கு வசதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூலிங் கிளாஸோடு மதியம் வரை மூன்று மெஷினையும் சோதித்தேன். நீல மெஷினில் நெருப்பைப் போட்டதும் எங்கள் வீட்டு மின்விசிறி நின்றுபோனது, பக்கத்து வீட்டு டிவி கண் சிமிட்டியது. அந்த வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, உங்க வீட்டுல எதையாவது எரிக்கிறீங்களா என்று மரியாதையாக விசாரித்தார். எங்கள் தெருவில் மின்சாரம் வருவதே சோகையோடுதான். முழு வோல்டேஜ் இல்லாவிட்டால் நீலத்துக்கு வேலை ஓடாது. நான்கு மார்க். பச்சையில் கம்பி, ஒரு சாண் வரும், நிற்கும், திடீரென்று முழம் நீளத்துக்குப் பாயும். கம்பியைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரம் தேய்ந்திருந்தது. மூன்று மார்க். ஆரஞ்சு மட்டும் லோ வோல்டேஜிலும் முனகிக்கொண்டே எரிந்தது. அதன் முகப்பில் இருநூறு ஆம்பியர் என்று பெரிதாக எழுதியிருந்தது பொய். இரும்பைக் கவ்விப் பிடிக்க வேண்டிய எர்த் கிளாம்ப், துணி காயப்போடும் கிளிப்பை நினைவுபடுத்தியது. பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் வேலை, ஏழு நிமிடம் ஓய்வு என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அரசு ஊழியனான எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஏழு மார்க் போட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணில் மணல் விழுந்தது மாதிரி இருந்தது. ஆறரைக்கு மணல் லாரியே கவிழ்ந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் தீ, மூடினால் முள். தாரை தாரையாகத் தண்ணீர். பார்வை போய்விட்டது என்று நானே முடிவு செய்து, கட்டிலில் படுத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன். இன்சூரன்ஸ் பத்திரம் எந்தப் பீரோவில், எந்த உறையில் என்று தழுதழுத்த குரலில் சொன்னேன். நம் மகளின் கல்யாணத்தை நான் கண்ணால் பார்க்கப் போவதில்லை என்றேன். கல்யாணமான புதிதில் அவள் அம்மா வீட்டுச் சீடையைப் பற்றி நான் சொன்ன பொய்க்கு மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் இருக்கட்டும்ங்க. கரண்டு பில்லு கட்டுனீங்களா, அத மட்டும் சொல்லிட்டு அப்பறமா கண்ண மூடுங்க."

மறுநாள் காலை துண்டால் கண்ணைக் கட்டி, ராத்திரியே மணமேல்குடியிலிருந்து வந்துவிட்ட மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதினார். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணோடு பார்த்தால் இப்படித்தான் ஆகும், இரண்டு நாளில் சரியாகும் என்றார். வெறும் கண் இல்லை, கூலிங் கிளாஸ் போட்டிருந்தேன் என்று சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த ஒரு பார்வையை மட்டும் மங்கலான கண்ணிலும் தெளிவாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சினன் ஹெல்மெட்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துண்டு நுனியை நனைத்து அதன் நெற்றியைத் துடைத்தான்.

"மச்சான், இது ரெண்டும்தான் நெருப்பப் பாத்துக் கண்ணாடியக் கறுக்க வைக்கிற கண்ணு. அதுலயா சந்தனத்த அப்பி வச்சீக?"

"நெத்தின்னு நெனச்சேன் மாப்ளே."

அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடிகிற மாதிரி தெரியவில்லை. நோட்டைத் திறந்து ஹெல்மெட்டுக்குப் போட்ட பூஜ்யத்துக்கு முன்னால் ஒன்று போட்டுப் பத்தாக்கினேன். நியாயம் நியாயம்தானே.

கண் சரியானதும் திரும்பக் கொட்டகைக்குப் போனேன். ஆரஞ்சு மெஷினின் மிக் வேலை இன்னும் பிடிபடவில்லை. உருகிய கம்பி காக்கை எச்சம் மாதிரி அங்கங்கே தெறித்து நின்றது. கூட வந்த சின்னப் புத்தகத்தை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்தேன். வாயு இல்லாமல் கம்பி ஓட்டினால் முகப்பில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிச் செருக வேண்டும் என்று இருந்தது. மாற்றினேன். சிலையில் செதுக்கிய மாலை போல அழகாக ஒரு தையல் விழுந்தது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. மனைவியை அழைத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சுவர் வழியாகக் காட்டினேன்.

மச்சினன் வந்தான். நான் பற்றவைத்த துண்டுகளை வைஸ் இடுக்கியில் இறுக்கி ஆளுக்கு நாலு அடி அடித்துப் பார்க்கலாம் என்றான். அழகான மிக் தையல் இரண்டாவது அடியில், நேற்றுத்தான் அறிமுகமானவர்கள் மாதிரி, மரியாதையாகப் பிரிந்து நின்றது. மேலே ஒட்டியிருந்ததே தவிர, இரும்புக்குள் இறங்கவே இல்லை. ராடு வைத்து நான் போட்டது கரப்பான் கடித்த அதிரசம் மாதிரி கோரமாக இருந்தது. அதை நான் அடித்தேன், மச்சினன் அடித்தான், சம்மட்டி கொண்டுவந்து இருவரும் அடித்தோம். குழாய் நசுங்கியது, இணைப்பு விடவில்லை. அழகாக இருந்தால் பலமாக இருக்கும் என்று நம்பியிருந்த என் மூளைக்கும் அன்று நாலு அடி விழுந்தது. தடித்த குழாய்க்கு ராடுதான் என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். டிக் சோதிக்கவில்லை. அதற்குச் சிலிண்டர் வேண்டும், சிலிண்டரைக் கண்டால் எனக்குப் பயம். அந்தப் பக்கத்தில் "தைரியம் இல்லை" என்று நேர்மையாக எழுதிவைத்தேன்.

ஆரஞ்சைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டு, ராடிலேயே ஊஞ்சலை முடித்தேன். மூன்று நிமிடம் வேலை, ஏழு நிமிடம் ஓய்வு என்று நான்கு நாள் ஆனது. கோரத்தையெல்லாம் கிரைண்டரால் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்தேன். இரண்டு மூட்டை அரிசியை ஏற்றி ஆட்டிப் பார்த்தேன். நானே ஏறிக் குதித்தேன். மச்சினனையும் ஏற்றினேன். மனைவி மட்டும், மெஷினுக்குப் பொட்டு வைத்ததோடு தன் பங்கு முடிந்தது என்று சொல்லிவிட்டாள். ஊஞ்சலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் குட்டியானை வண்டியில் ஏற்றி விராலிமலை போகும் வழியெல்லாம் என் தலைக்குள் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது: ஊஞ்சலில் நான், மடியில் குழந்தை, ஊசியோடு குனியும் ஆசாரி, சுற்றிலும் தங்கச்சியின் மாமியார் வீட்டு ஆட்கள், டக் என்று ஒரு சத்தம். பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, எல்லா இணைப்பையும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். டிரைவர் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பந்தலில் ஊஞ்சலை இறக்கினோம். நல்ல கூட்டம். தங்கச்சி தூரத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் கும்பிடு பாதி, மிரட்டல் பாதி. நான் பட்டு வேட்டியை இறுக்கிக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்து, ஊஞ்சலில் உட்காரப் போனேன். நகை செய்யும் ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊஞ்சலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஆடுற எடத்துல நான் ஊசி பிடிக்க மாட்டேன். இங்கிட்டு வந்து இந்தச் சேர்ல உக்காருங்க."

இத்தனை நாளில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு, தங்கச்சிக்கு, மச்சினனுக்கு, எங்களில் புத்திசாலியான என் மனைவிக்குக்கூட. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். குழந்தை மடியில் வீறிட்டு அழுதது, ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார். வந்த சீர்த்தட்டுகளை வைக்க இடமில்லை என்று யாரோ ஊஞ்சலில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். வாழைப்பழம், தேங்காய், மாம்பழம், பாவாடை சட்டை, எல்லாம் அதில்தான் இருந்தன. தங்கச்சியின் மாமியார் தட்டுகளை எண்ணினார். ஊஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

மூன்றாவது பந்தி நடக்கும்போது தட்டுகளை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த தங்கச்சி, ஆளில்லாத பந்தலில் ஊஞ்சலில் போய் உட்கார்ந்தாள். காலால் தரையை உந்தி இரண்டு முறை ஆடினாள். நான் தூணுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊஞ்சல் உடையவில்லை. அவள் எழுந்து சாப்பிடப் போனாள்.