காம்பிங் காரில் வந்த சம்பந்தம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் கட்டியிருந்த அரக்குப் பட்டுப்புடவையை அதற்கப்புறம் நான் தொடவே இல்லை. அதில் அழுகிய வஞ்சிரத்தின் தண்ணீர் சொட்டியது. அம்மா சீயக்காய் போட்டு அலசினாள், வெயிலில் போட்டாள், சாம்பிராணிப் புகைகூடக் காட்டினாள். வாடை போகவில்லை. கடைசியில் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு தூக்குச்சட்டி வாங்கினாள். இன்றைக்கு நினைத்தாலும் குமட்டிக்கொண்டு வருகிறது. மீனை மட்டும் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோட்டுச்சேரியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அப்பா பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். வீட்டின் முன்பாதி கடை, பின்பாதி நாங்கள். டிராக்டர் பேட்டரி, லாரி பேட்டரி, கல்யாண வீட்டு மைக்செட் பேட்டரி எல்லாம் எங்கள் வாசலில்தான் வரிசை கட்டி நிற்கும். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து நானும் கடையில்தான் இருந்தேன். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத தாவணி என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. அப்பாவுக்கு அது பெரிய குறை. "இந்த சம்பந்தம் மட்டும் அமைஞ்சிட்டா உன்ன இந்த ஆசிட் நாத்தத்துலேருந்து அனுப்பிடுவேன்மா" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்பந்தம் வந்தது காரைக்காலிலிருந்து. மாப்பிள்ளையின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. அது ஒன்று இருந்துவிட்டால் போதும், எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் கண் எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் பார்க்க மாட்டார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வந்தார்கள். சொல்தா ஓட்டி வந்தது காருமில்லை, பஸ்ஸுமில்லை. பிரான்சிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த பெரிய வேன். உள்ளே கட்டில், அடுப்பு, மேஜை, விசிறி, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். காம்பிங் கார் என்றார்கள். தெருவே குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

நான் காப்பி கொடுத்தேன், விழுந்து கும்பிட்டேன், தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பஜ்ஜி தின்றார். அவர் வாய் அதற்காக மட்டும்தான் திறந்தது. சொல்தா வண்டியைப் பற்றியே பேசினார். சீட்டுக்கு அடியில் தனி பேட்டரி இருக்கிறதாம். அதன் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தர இன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம். எங்கே நிறுத்தினாலும் ராஜபோகமாம். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "வாம்மா, நீ வாழப்போற வண்டிய வந்து பாரு. கூலா ஆரஞ்சு ஜூஸ் தாரேன்."

படியில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. மழைக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் ஃப்ரிட்ஜைத் திறந்தார். அடக் கர்மமே! முதல் நாள் காரைக்கால்மேட்டில் ஏலத்தில் எடுத்த வஞ்சிரமும் இறாலும் உள்ளே நொதித்துப்போய்க் கிடந்தன. சிவப்பாக ஒரு கொழகொழத்த தண்ணீர் கதவு வழியாக வழிந்து நேராக என் கொசுவத்தில் சொட்டியது. ஃப்ரிட்ஜில் துளிக் குளிர்ச்சி இல்லை. அந்த நாற்றத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த அம்மாள் வாய் கூசாமல் சொன்னார்:

"பாத்தீங்களா, பொண்ணு கால் வச்ச நேரம், ஃப்ரிட்ஜ் நின்னு போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கால் வைத்து ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஒரு நிமிஷத்திலா வஞ்சிரம் இப்படி அழுகும்? பின்னாலேயே ஏறி வந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ராசியில்லாத பெண் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் காரைக்காலிலிருந்து திருநள்ளாறு வரைக்கும் அது போய்ச் சேரும். அதற்கப்புறம் ஒருத்தனும் எங்கள் வாசல்படி ஏற மாட்டான்.

அப்பாவோடும் மாப்பிள்ளையோடும் ஏறி வந்த சொல்தா இன்வெர்ட்டர் பெட்டியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. ஃப்ரிட்ஜ் ஒரு முறை உறுமியதும் விளக்கு மங்கி, பெட்டியில் சிவப்பு லைட் வந்து எல்லாம் அணைந்தது. மறுபடி தட்டினார். மறுபடி அதே கதை. "பெட்டி எரிஞ்சு போச்சு. பிரான்ஸ்லேருந்துதான் வரணும்" என்றார்.

அப்பா குனிந்து சீட்டுப் பலகையைத் தூக்கினார். பேட்டரியின் ஈயக் குமிழை வயரோடு கவ்விப் பிடிக்கிற கிளாம்பின் மேல் விரலை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். எனக்கு அது போதும். கிளாம்ப் சுடுகிறதென்றால் கரண்ட் அங்கேயே மாட்டிக்கொண்டு திணறுகிறது, இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. விளக்குக்கும் விசிறிக்கும் வந்த கொஞ்சம் போதும், ஃப்ரிட்ஜ் இழுக்கிற இழுப்புக்குப் போதாது. எங்கள் கடையில் இதற்குக் காசுகூட வாங்க மாட்டோம். அப்பா நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டினார். "ஃபாரின் பொருளுங்க. நமக்கெல்லாம் எங்க புரியப்போவுது?"

மீன் நாற்றத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதைத் தாங்க முடியவில்லை. சீ, பெற்ற பெண்ணை ராசியில்லாதவள் என்று ஒருத்தி சொல்கிறாள், காரணத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு இந்த மனிதர் இளிக்கிறாரே என்று இருந்தது.

கடைக்கு ஓடிப்போய் ஸ்பேனரையும் மீட்டரையும் எடுத்து வந்தேன். "ஏய், பட்டுப்புடவைடி!" என்று அம்மா கத்தினாள். புடவையில் இனி கெடுவதற்கு என்ன இருந்தது? மீட்டரின் கம்பியைப் பேட்டரிக் குமிழிலேயே குத்திப் பார்த்தேன், பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஃப்ரிட்ஜைப் போடச் சொல்லிவிட்டு கம்பியைக் கிளாம்பில் வைத்தேன், முள் பாதாளத்துக்குப் போய்விட்டது. ஸ்பேனரைப் போட்டுக் கிளாம்பைக் கழற்றினேன்.

உள்ளே அப்பிக் கிடந்தது சந்தனம். காய்ந்து இறுகிய சந்தனம், அதன் நடுவில் அழகாக வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. இரண்டு குமிழிலும்.

"அய்யோ, அது ஆயுத பூஜைக்கு வச்சதும்மா!" என்று அந்த அம்மாள் பதறினார். "டிரைவர் எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு வச்சிருந்தான். மேலாப்புல வைக்காம மனசார உள்ளயே வச்சேன். அதப் போயி சொரண்டாத!"

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியென்றால் அன்றையிலிருந்தே இந்த ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. தெரிந்தேதான் மீனை வாங்கி அடைத்திருக்கிறார்கள், தட்டினால் ஓடிவிடும் என்று. நான் பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் பளபளத்ததும் கிளாம்பைப் போட்டு முறுக்கினேன். ஃப்ரிட்ஜ் உறுமியது. விளக்கு அசையவில்லை.

இனி வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "மகாலச்சுமி! கை வச்சதும் ஓடுது பாருங்க. என்னா ராசி!" அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் மூதேவி, இப்போது மகாலட்சுமி. நடுவில் நான் சுரண்டியதை எவரும் பார்க்கவில்லை. சொல்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இனிமே வண்டிக்கு மெக்கானிக்கே வேண்டாம், வீட்டுலயே ஆளு வந்தாச்சு." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை முதல் முறையாகப் பேசினார். என்னைப் பார்த்து இல்லை, அவருடைய அம்மாவைப் பார்த்து.

"கையோட அந்த மீனையும் எடுத்துப் போட்டுட்டு ஃப்ரிட்ஜக் கழுவிடச் சொல்லும்மா. எப்புடியும் அவங்க கை அழுக்காத்தானே இருக்கு."

அந்த அம்மாள் ஒரு பழந்துணியை எடுத்து என் பக்கம் நீட்டவே செய்தார். நான் வாங்கிக்கொள்ளாமல் இறங்கி வீட்டுக்குள் போனேன். அழப் போகிறேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். கூடத்தில் வரவேற்புத் தட்டு இருந்தது. பன்னீர்ச் செம்பு, கல்கண்டு, சந்தனக் கிண்ணம். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். ஸ்பேனரை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. அது அப்பாவிடம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். இனி என்ன நடக்கப்போகிறது என்று அந்த வண்டியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தடுத்திருந்தால் நான் நின்றிருப்பேன், என் கல்யாணம் தையில் நடந்திருக்கும்.

ஸ்பேனரை என் கையில் வைத்தார்.

கழற்றி, இரண்டு குமிழிலும் சந்தனத்தை வழித்துப் பூசி, மறுபடி மாட்டினேன். "உங்க சாமி சந்தனம் வச்ச எடத்துலயே இருக்கும்மா. நான் ஒண்ணும் கெடுக்கல" என்றேன். ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உறுமிப் பார்த்துவிட்டு அடங்கியது. சிவப்பு லைட் வந்தது.

அதற்கப்புறம் அவர்கள் கத்திய கத்தலை எல்லாம் எழுத முடியாது. எஞ்சினுக்கு வேறு பேட்டரி, நல்லவேளை. இல்லாவிட்டால் அந்த நாற்றம் எங்கள் வாசலிலேயே குடியிருந்திருக்கும். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அப்பா நனைந்துகொண்டு நின்றார். பிறகு என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வேட்டியில் துடைத்தார்.

"இடது பக்கத்துக் கிளாம்ப நீ சரியா முறுக்கல" என்றார்.