பிரியாமல் போன சோடி

தம்பி பிறந்தபோது நான் பத்தாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். றத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகும் வழியில் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு அப்போது நாற்பது வயது. மாத்தளை ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம், மற்றப் பிள்ளைகளைவிட மெதுவாகத்தான் வளருவான் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு லயத்து வரிசை வீடுகளில் இருந்த யாரும் எங்கள் காம்பரா அறைப் பக்கம் வரவில்லை.

அந்த வாரம்தான் வகுப்பில் ஒடுக்கற்பிரிவு என்ற, கலங்கள் பிரியும் பாடத்தை நடத்தினார்கள். மனிதனின் ஒவ்வொரு கலத்திலும், அதாவது செல்லிலும், நாற்பத்தாறு நிறமூர்த்தங்கள், குரோமோசோம்கள். முட்டையும் விந்தும் உண்டாகும்போது ஒவ்வொரு சோடியும் பிரிந்து, எண்ணிக்கை இருபத்துமூன்றாகக் குறையும். இரண்டும் சேர்ந்தால் மறுபடி நாற்பத்தாறு. எப்போதாவது ஒரு சோடி பிரியாமல் போனால் முட்டையில் இருபத்துநான்கு தங்கிவிடும், பிள்ளைக்கு நாற்பத்தேழு ஆகிவிடும் என்று டீச்சர் சொன்னார். ஒரு பாடப்புத்தகம் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசியது அன்றுதான். பக்கத்தில் இருந்தவளிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க அப்பாவின் அக்கா வந்தாள். தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "வயித்துல புள்ளையோட சாவு வீட்டுக்குப் போகாதன்னு சொன்னேன். கேட்டாளா?" என்றாள். அம்மா தலை நிமிராமல் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாடத்தின் படத்தை வரைந்து வைத்திருந்த சயன்ஸ் கொப்பியை எடுத்து வந்து அத்தை முன்னால் விரித்தேன்.

"அதெல்லாம் இல்ல அத்தை. அம்மாவோட முட்டையில ஒரு சோடி பிரியல. வயசு கூடுனா அப்படி ஆகுமாம். பொஸ்தகத்துலயே இருக்கு."

அத்தை கொப்பியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். "கேட்டியா? கோளாறு அவகிட்டதான். ஒன் மகளே சொல்றா."

அப்பா எழுந்து வெளியே போனார். அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நான் கொப்பியை மடித்து வைத்தேன்.

இரண்டே நாளில் பேச்சு குழாயடிக்கு வந்துவிட்டது. பெண்கள் என் படிப்பைப் புகழ்ந்தார்கள். அப்பா தம்பியைத் தூக்குவதை விட்டுவிட்டார். அம்மா மட்டும் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு கிளினிக்குக்கு பஸ் ஏறினாள்.

அப்பா இல்லாத ஒரு ஞாயிறு பகலில் அம்மா என் அருகே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தக் காட்டு புள்ள."

காட்டினேன். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கோடுகளை விரலால் தொட்டாள். "இதுக ஏன் பிரியல? நான் என்னமும் செஞ்சேனா?"

"இல்லம்மா. யாரும் ஒண்ணும் செய்யல. அது தானா நடக்கிறது. சில நேரம் அப்பா பக்கத்துலயும் நடக்குமாம்."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டாள். அவளுக்குக் கணக்கு விளங்கவில்லை என்று நினைத்து, நாற்பத்தாறிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

"அப்பா வந்தோன்ன அவருகிட்டயும் சொல்றியா?"

"அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டேனேம்மா. நாளைக்கு எனக்குப் பரீட்சை."

அம்மா பிறகு கேட்கவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அன்று அத்தையிடம் நான் சொன்னது பாதிதான் என்பதும், மீதிப் பாதியை அப்பா கேட்க வேண்டுமென்றுதான் அம்மா விரும்பினாள் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியபோது அம்மா தனியே பஸ் ஏறிப் பழகியிருந்தாள்.