இரண்டு மொட்டைத் தலைகள்

எனக்குப் பன்னிரண்டு வயதில், அப்பா உயிரோடு இருக்கையிலேயே, எனக்கு மொட்டை அடிக்கப்பட்டது. அடித்தவரும் அப்பாதான். தகப்பன் செத்தால் மகன் தலை வழிப்பது எங்கள் வழக்கம். செத்தது என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன்.

மாமாவுக்கு ஒரே மகன். என்னை விட மூன்று வயது இளைய மச்சான். தாயில்லாத பிள்ளை. யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றியபோது மாமா தனக்கு வழி தேடாமல் அவனை எங்களோடு அனுப்பிவிட்டார். ஜெர்மனிக்கு வந்ததும் அப்பா எங்கள் இருவரையும் தன் பிள்ளைகள் என்றே பதிந்தார். பிறகு எங்கள் குடும்பத்துக்கு வதிவிட அனுமதி கிடைத்தபோது அவனுக்கும் கிடைத்தது. அந்த ஒரு பொய்யைத் தவிர, இந்த நாட்டில் அவன் நிற்பதற்கு வேறு நிலம் இருக்கவில்லை. இது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. யாருக்கும் சொல்லக் கூடாது என்பதும் சொல்லப்பட்டிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். ஒரு மார்கழி மாதத்தில் உறவினர் ஒருவர் வந்து, ஷெல் விழுந்து மாமா போய்விட்டார் என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரிக்குக் கேட்டால் என்ன ஏது என்று கேட்பாள். மச்சானும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு கடினம் என்று இன்று நினைக்கிறேன். அன்று, நன்றாகச் சமாளிக்கிறானே என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அம்மா அவனுக்குத் தலை வழிக்க வேண்டும் என்றாள். கொள்ளி வைக்கத்தான் கிடைக்கவில்லை, இதையாவது அவன் தகப்பனுக்குச் செய்யட்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அப்பா சம்மதித்தார். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை.

"அவனுக்கு மட்டும் வழிச்சா ஏனெண்டு கேப்பினம். ரெண்டு பேருக்கும் வழியுங்கோ. கோயில் நேத்தி எண்டு சொல்லுவம்."

அப்பா சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நான் உயிரோட இருக்கிறன். என்ர பிள்ளைக்கு நானே வழிக்கிறதோ?"

"உங்களுக்கு ஒண்டும் வராது," என்றாள் அம்மா. "வர வேண்டியது என்ர அண்ணைக்கு வந்திட்டுது."

அப்பா கத்தியை மறுபடி எடுத்தார். குளியலறையில் முதலில் அவனுக்கு, பிறகு எனக்கு. எனக்கு வழிக்கும்போது கத்தி தவறி, காதுக்குப் பின்னால் வெட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்த மச்சான், தகப்பனைப் பறிகொடுத்த மூன்றாம் நாள், சிரித்தே விட்டான்.

"எனக்கு முட்டை, உனக்குத் தேங்காய்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நல்ல அடர்த்தியான முடி. முன்னால் ஏற்றிச் சீவிக்கொண்டு போவேன். வகுப்பில் ஒரு பெண் அதை வடிவென்று சொல்லியிருந்தாள். மறுநாள் அதே பெண் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் தடவ அழைத்தாள். வரிசையாக வந்து தடவினார்கள்.

எங்கள் இருவருக்கும் ஜெர்மன் சொல்லித்தந்த ஆசிரியை இளம் பெண், நல்லவர். ஒரே நாளில் இரண்டு மொட்டைகள், ஒன்றில் வெட்டுக்காயம். வீட்டில் எங்களை வதைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார். இருவரையும் தனித்தனியே கூப்பிட்டார். மச்சான் சொல்லிக்கொடுத்தபடியே, கோயில் நேர்த்தி என்று சொன்னான். பிறகு என்னைக் கேட்டார், உன் அப்பா உன்னை அடிப்பாரா என்று.

அப்பாவைக் காப்பாற்றவே உண்மையைச் சொன்னேன் என்று என் மனைவிக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது பொய். என் முடி போன கோபத்தில்தான் சொன்னேன்.

"அவன் என் தம்பியே இல்லை," என்றேன். "செத்தது அவனுடைய அப்பா. என் முடியை ஏன் வெட்ட வேண்டும்?"

ஆசிரியை என் தோளில் கை வைத்து, சொன்னது நல்லது என்றார். தகப்பனை இழந்த பிள்ளைக்கு உதவி வேண்டும் என்று நினைத்து அவர் சிறுவர் நல அலுவலகத்துக்குச் சொன்னார். அங்கிருந்து விஷயம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனது. அப்பாவைத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். கடைசியில் எங்கள் அனுமதியை விட்டுவைத்து, அவனுடையதை ரத்துச் செய்தார்கள். அவனை வேறு நகரத்திலுள்ள சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். கையில் டுல்டுங் கொடுத்தார்கள். உன்னைத் திருப்பி அனுப்ப வேண்டும், இப்போதைக்கு அனுப்பவில்லை என்பதே அந்தத் தாளின் பொருள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து அவன் வளர்ந்தான். என்னை விட நன்றாக ஜெர்மன் பேசினான். ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் தொழில் பழக இடமும் கிடைத்திருந்தது. பதினெட்டு வயதானதும் அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் விமானத்தை விட்டு இறங்கினான் என்பதுவரை எங்களுக்குத் தெரியும்.

தான் நேர்த்தியைப் பற்றிச் சொன்னதில்தான் ஏதோ பிழை என்று அவன் நம்பினான். இல்லத்துக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பான். அம்மா அவன் தலையைத் தடவி, நீ சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும் என்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். அவளும் சாகும்வரை அப்படியே நம்பினாள்.

இன்று எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் யாருக்காவது வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெர்மின் என்று நேரம் குறித்திருந்தால் துணைக்குப் போகிறேன். சிறுவயதில் கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவர்கள் தங்குவதற்கு இப்போது சட்டத்தில் ஒரு வழி உண்டு. பெற்றவர்கள் சொன்ன பொய்யைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவதில்லை. போன மாதம் ஒரு பையனுக்கு அப்படிக் கிடைத்தது. அவனுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் நல்லா இருப்பியள் அண்ணை," என்றாள். கையை இழுத்துக்கொண்டேன்.

மச்சானை இல்லத்துக்குக் கூட்டிப்போக, சிறுவர் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தது ஒரு மாலையில். அம்மா அவனுக்குக் கம்பளிச் சட்டை போட்டுவிட்டு, பொத்தான்களைப் பூட்டினாள், கழற்றினாள், மறுபடி பூட்டினாள். அவன் படியிறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன். அதுவரை நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில்தான் படுத்தோம்; அவன் உதைப்பான், போர்வையை இழுப்பான். அன்று கட்டில் முழுவதும் எனக்கு. கையையும் காலையும் அகல விரித்துப் படுத்தேன். அவன் இரண்டொரு நாளில் வந்துவிடுவான், அதற்குள் ஆசை தீர நீட்டிப் படுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.