வேறு கோத்திரம்

பழவங்காடி கணபதி கோயிலுக்கு எதிரில் தேங்காய் விற்கும் பிச்சுமணி, தன் வாழ்நாளில் ஒரு தேங்காய்கூட உடைத்ததில்லை. சில்லு கையைக் கீறினால் ரத்தம் லேசில் நிற்காது. பிறவியிலேயே வந்த ஹீமோஃபிலியா. அடி எதுவும் படாமலேயே முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். ஐம்பத்தைந்து வயதில் இரண்டு காலும் மடங்க மறுத்தன. ஆனால் கோட்டைக்குள் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அவருக்கு வாதம் என்றுதான் சொல்வார்கள். அவர் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளும் மருந்துக்கும் வாத ஊசி என்றே பெயர். கூடப் பிறந்த தங்கை பத்மப்ரியாவே அப்படி நம்பித்தான் வளர்ந்தாள். வாதம் என்றால் ஒரு சௌகரியம், யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஏதாவது ஒரு தைலத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பத்மப்ரியாவுக்கு ஜாதகம் பொருந்தி வந்த சமயத்தில் ஒரு டாக்டர் பிச்சுமணியிடம் தெளிவாகவே சொன்னார். இது பெண்கள் வழியாக இறங்கி ஆண் பிள்ளைகளைப் பிடிக்கிற வியாதி, தங்கையின் ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள் என்று. பிச்சுமணி தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வாயே திறக்கவில்லை. தாலி ஏறியதும் மனசுக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. கன்னிகாதானம் செய்து கொடுத்தாயிற்று, இனி அவள் வேறு கோத்திரம், இந்த வீட்டு வியாதிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? இதை அவர் நம்பினாரா என்று என்னைக் கேட்டால், நம்புவதற்கு ரொம்பப் பாடுபட்டார் என்பேன். பத்மப்ரியாவுக்கு ஒரே பெண், ஜானவி. ஆண் குழந்தை பிறக்காததால் விஷயம் வெளியே வரவில்லை.

இந்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தடவை ஏற்றும் புது மருந்து. ரத்தம் உறைவதற்கு வேண்டிய சத்தை ஈரலே தயாரிக்கும்படி அது செய்யுமாம். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், பரிசோதித்துப் பார்க்கத்தான் ஆள் எடுக்கிறார்கள். வீட்டு மனுஷர் ஒருவர் கூட வர வேண்டும் என்றார்கள். பிச்சுமணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பத்மப்ரியா அந்த வாரம் ஊரில் இல்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த ஜானவி, “நான் வரேன் மாமா, அங்க உக்காந்துண்டுதானே இருக்கப்போறேன்” என்றாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. முழங்கால் சொல்ல விடவில்லை. டாக்டர் மருந்தைப் பற்றி மட்டும் பேசுவார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனார்.

டாக்டர் ஸ்வப்னா மலையாளம் கலந்த தமிழில் முதலில் கேட்டதே குடும்பத்தைப் பற்றித்தான். “வீட்டில் வேற ஆர்க்கெங்கிலும் உண்டோ? கூடப்பிறந்த பெண்கள்?”

“ஒரு தங்கை உண்டு டாக்டர். பட்சே அவ இப்ப வேற கோத்திரம்.”

டாக்டருக்குப் புரியவில்லை. ஜானவி சிரித்துக்கொண்டே விளக்கினாள். “கல்யாணம் பண்ணிக் கொடுத்துட்டா பொண்ணுக்கு அந்தாத்து கோத்திரம். மாமா எங்கம்மாவைத்தான் சொல்றார்.”

ஸ்வப்னா சிரிக்கவில்லை. ஜானவியின் வயிற்றைப் பார்த்தார். “மோளுக்கு எத்ர மாசமாயி?”

“ஏழு.”

அதற்கப்புறம் அவர் பொறுமையாகச் சொன்னார். மாமாவுக்கு இருப்பது வாதம் இல்லை. அது அம்மா வழியாக ஜானவிக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளை என்றால் பிரசவத்தின்போதே தலைக்குள் ரத்தம் கசியலாம், ஆயுதம் போட்டு எடுக்கக் கூடாது, பிரசவம் பார்க்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கே சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த நேரமெல்லாம் பிச்சுமணி மேஜையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருப்பதே கேவலமாகத் தோன்றியது அவருக்கு.

வெளியே பெஞ்சில், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஜானவி உட்கார்ந்திருந்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“உங்களுக்கு?”

கூசியது. இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது, சொல்ல முடியவில்லை. “தெரியும்மா. உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்.”

ஜானவி பஞ்சை மெல்ல எடுத்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தாள். மறுபடியும் வைத்து அழுத்திக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு ஊசி குத்தின இடத்தை அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிச்சுமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பிச்சுமணி ஆராணு?” என்று நர்ஸ் கதவருகே வந்து கூப்பிட்டாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. “எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆத்துக்குப் போயிடலாம்.”

“போங்கோ மாமா,” என்றாள் ஜானவி, பஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே. “இது ஆம்பளைப் பிள்ளையா இருந்தா, நாளைக்கு இதுக்கும் அந்த மருந்து வேணுமோல்லியோ?”

பிச்சுமணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.