கோட்டுக்குள் இருந்த மழை

சர்க்கார் ஜீப்பைத் தூரத்தில் பார்த்தாலே நான் சந்துக்குள் ஒதுங்கிவிடுவேன். தப்பு செய்யாத நாளிலும் அப்படித்தான். அன்றைக்குத் தப்பும் செய்திருந்தேன்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் எங்கள் மீனவர் தெரு. கடலுக்குப் போகிறவன் அண்ணன்; நான் போகாதவன். காயல்பட்டினத்து வீடுகளுக்கு வைஃபை மாட்டுவது என் வேலை. அங்கே ராத்தா என்று நான் கூப்பிடும் ஒரு அக்காவின் கணவர் வளைகுடாவில் இருந்தார். மொட்டைமாடியில் ஒரு வைஃபை பெட்டி. சந்துக்கு அப்பால் இருந்த ராத்தாவின் தங்கை வீட்டுக்கும் அதிலிருந்துதான் சிக்னல். சாயங்கால அசர் தொழுகை முடிந்து கணவர் வீடியோவில் வரும்போதெல்லாம் அழைப்பு அறுந்தது.

"தம்பி, பிள்ளை முகத்தை அவுஹ பார்க்கதுக்குள்ள அத்துப்போவுது" என்று ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்.

பெட்டியின் மேல் குற்றமில்லை. அது சிக்னல் அனுப்பும் அதே சேனலில் வானிலை ரேடாரும் உண்டு. ரேடாரின் சிக்னல் கேட்டதும் பெட்டி வாயை மூடிக்கொண்டு வேறு சேனலுக்கு விலக வேண்டும் என்பது விதி. எவ்வளவு பவரில் அனுப்பலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தெரிந்தேதான் செட்டிங்கில் 'இந்தியா'வை எடுத்துவிட்டு, வாயில் நுழையாத ஒரு நாட்டின் பெயரைப் போட்டேன். அந்த நாட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பவரையும் முழுசாக ஏற்றினேன். அதன்பிறகு அழைப்பு ஒரு தடவைகூட அறுந்ததில்லை. ராத்தா வீட்டிலிருந்து இனிப்பாக வட்டிலப்பம் வந்தது. பெரிய வித்தைக்காரன் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஐப்பசியில் ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு என்னை அந்த மாடிக்கு வரச் சொன்னார்கள். வாசலில் சர்க்கார் ஜீப்; மாடியில், ரேடாரைக் கெடுக்கும் சிக்னலைத் தேடி வந்த இரண்டு அதிகாரிகள் கையில் ஆன்டெனாவோடு நின்றார்கள். ஒருவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ரேடார் படத்தில், ஊருக்கு மேலாகக் கடலுக்குள் ஒரு நேர்கோடு.

"இது மழை இல்லை, உங்க பெட்டி. இந்தக் கோட்டுக்குள்ள நிஜ மழை வந்தாலும் எங்களுக்குத் தெரியாது."

"வேலை போயிரும் சார்" என்று கும்பிட்டேன். அதுவரை என் பயமெல்லாம் எனக்காகத்தான். பிறகுதான் அந்தக் கோடு போகிற திசையைப் பார்த்தேன். அண்ணன் வலை விடுகிற பக்கம். அன்று உச்சியில் படகைத் தள்ளும் முன் ஃபோனில் கேட்டிருந்தான்: "லே, படத்துல மழை கிடக்கா?" நானும் ஃபோனில் ரேடார் படத்தைப் பார்த்தேன். கோடு தெரிந்தது. ஏதோ படக்கோளாறு என்று நினைத்து, "ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லியிருந்தேன்.

செட்டிங்கில் 'இந்தியா'வைத் திரும்பப் போட்டேன். பத்து நிமிடத்தில் அடுத்த படம் வந்தது. கோடு இல்லை. அது கிடந்த இடத்தில், கடலுக்கு மேலே, சிவப்பாகக் கனமழை.

அண்ணனை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அதிகாரிகள் என்னவோ எழுதி வாங்கினார்கள். என்ன எழுதிக் கொடுத்தேன் என்று நினைவில்லை. கடற்கரைக்கு ஓடினேன். அம்மா, மாதா சிலை இருக்கும் கெபியின் முன் முழங்காலில் இருந்தாள். எனக்கு அழக்கூடப் பயம், யாராவது காரணம் கேட்டுவிடுவார்களே என்று.

பொழுது சாயும்போது வேறொரு படகு அவன் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் போய், வலை போய், நெற்றி கிழிந்து இறங்கினான். நான் வாயைத் திறக்கும் முன் என் தோளில் கைபோட்டான்.

"படத்துலயே இல்லாத மழைலே. நீ என்ன செய்வ?"

இன்றுவரை அவனிடம் நான் சொல்லவில்லை.